ஒரு பக்கத்துக்குள் அடங்காத சிங்கராசா

அரிப்பு என்ற கரையோர ஊரில் சிங்கராசாவின் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். ஆறின தேநீரை அவர் முகம் சுளிக்காமல் குடிப்பார். பெயரைக் குறைக்கச் சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டார். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பதவியின் 'சீஃப் கிளார்க்' என்ற ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஊர் அவரைச் 'சீ.சீ. ஐயா' என்று கூப்பிட்டது. வேறொரு மனிதனுக்கு அது போதுமாக இருந்திருக்கும். இவரோ ஓய்வுபெற்ற ஒன்பது வருடத்தில் பதினொரு பட்டங்களைத் தேடிச் சேர்த்திருந்தார்.

அகில இலங்கைச் சமாதான நீதவான் என்பதை அரசாங்கம் கொடுத்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேசகீர்த்தியைக் கொடுத்தது எந்தத் தேசம் என்பதுதான் தெரியவில்லை. கொழும்பில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஒரே பின்னேரத்தில் நூற்றிருபது பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதில் ஒன்று இவர் தோளிலும் விழுந்தது. 'கரையோரக் காவலர்' என்ற பட்டத்தை அவர் தலைவராக இருக்கும் சங்கம் அவருக்கு வழங்கியது. முன்மொழிந்தவர் யார் என்று சங்கத்தின் குறிப்புப் புத்தகத்தில் தேடிப் பார்க்காமல் இருப்பது நல்லது. பிறந்தது முதல் கடற்கரையில் வாழ்ந்தாலும், காவலர் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததை ஒருவரும் கண்டதில்லை.

இந்தப் பதினொன்றும் ஏறிக் குந்தியிருந்த ஒரு மனுவைத்தான் செவ்வாய்க்கிழமை காலை, பென் டிரைவில் போட்டு, பக்கத்து ஊரான சிலாவத்துறையில் நிறஞ்சலாவின் கடைக்குக் கொண்டு வந்தார்.

நிறஞ்சலாவின் கடை என்பது இரண்டு கணினி, ஒரு போட்டோப் பிரதி இயந்திரம், மழைக்கு ஒழுகாத ஒரு மூலை. அவளும் அரிப்புக்காரிதான், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். பிறப்புப் பதிவு, காணி விண்ணப்பம், கல்யாண அட்டை, மரண அறிவித்தல் என்று அந்தக் கரையில் ஒரு மனிதனுக்கு நேரக்கூடிய எல்லாவற்றையும் அவள் தட்டச்சுச் செய்திருக்கிறாள். எதையும் தட்டுவதற்கு முன் அவள் முழுதாக வாசித்ததில்லை. இந்த மனுவை மட்டும் திறந்ததும் கடைசி வரிவரை வாசித்தாள்.

காரணம் மனுவின் பொருள். அரிப்பில் படகுகள் உள்ளே வரும் வாய்க்காலின் வாயில் இரண்டு வருடமாக மண் ஏறிக்கொண்டிருந்தது. வற்றுக்கடலில், நீர் இறங்கிய நேரத்தில், எஞ்சினைத் தூக்கிவிட்டு, இடுப்பளவு நீரில் இறங்கிப் படகைத் தள்ள வேண்டும். அலை உள்ள நாளில் அந்த இடத்தில் படகு குறுக்கே திரும்பினால் கதை முடிந்தது. போன மாதம் அவள் கணவன் றொசாந்தனின் படகு அப்படித்தான் திரும்பிக் கவிழ்ந்தது. தோள் எலும்பில் வெடிப்போடு அவன் நீந்திக் கரையேறினான். இன்னும் மூன்று கிழமையில், தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்று தொடங்கிவிடும். தோள் சரியாகியதோ இல்லையோ அவன் தொழிலுக்குப் போவான். அந்த வாயால்தான் திரும்பி வருவான். அதற்குள் மண்ணைத் தோண்டியாக வேண்டும். நிறஞ்சலாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வழியும் ஒன்றுதான் கிடைத்தது. கொழும்பிலிருந்து அமைச்சின் செயலாளர் ஒருவர் வியாழக்கிழமை மன்னாருக்கு வருகிறார். மனுக்களைப் புதன்கிழமை நாலு மணிக்கு முன்னர் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏ-ஃபோர் தாளில் ஒரே பக்கம். மேலதிகப் பக்கங்கள் பார்க்கப்பட மாட்டா. பேசுவதற்கு ஆளுக்கு மூன்று நிமிடம். கரைச் சங்கத்தின் சார்பில் மனு எழுதும் உரிமை, தலைவர் என்ற முறையில், சீ.சீ. ஐயாவுடையது. அவர் அதை லீகல் தாளில் எழுதியிருந்தார். முப்பத்தைந்து வருடம் கச்சேரியில் நீளத் தாளைக் கையாண்ட மனிதருக்கு ஏ-ஃபோர் என்பது தாளல்ல, துண்டு.

"சைஸை மட்டும் மாத்து பிள்ளை," என்றார், கதிரையில் சாய்ந்துகொண்டு. "வேற ஒண்டிலயும் கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு எழுத்தும் நான் அளந்து வைச்சது."

நிறஞ்சலா தாளின் அளவை மாற்றினாள்.

பக்கம் கால் அங்குலம்தான் ஒடுங்கியது. அந்தக் கால் அங்குலத்துக்கே ஐயாவின் ஒன்பது வருட உழைப்பு சரிந்து விழுந்தது. 'சமாதான' என்பது வலப்பக்கம் நிற்க, 'நீதவான்' அடுத்த வரியின் இடது மூலையில் போய்த் தொலைபேசி இலக்கத்தோடு சேர்ந்துகொண்டார். 'போசகர்' வீட்டு முகவரிக்குள் புகுந்தார். மூன்று 'முன்னாள்'கள், தங்கள் பதவிகளைப் பறிகொடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வெறுமனே நின்றன. 'தேசகீர்த்தி' மட்டும் நடுப் பக்கத்தில், யாருடையது என்று தெரியாமல், தனியே கிடந்தது.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். நிலைமை மாறவில்லை. "உன்ர மெசினில கோளாறு," என்றார்.

நிறஞ்சலா ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் மறைந்திருந்த குறிகள் எல்லாம் வெளியே வந்தன. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் வரிசை வரிசையாகப் புள்ளிகள், ஈரமணலில் நண்டு ஓடிய தடம்போல.

"இதென்ன ஊத்தை?"

"நீங்கள் தட்டின ஸ்பேஸ், ஐயா. ஒரு தட்டுக்கு ஒரு புள்ளி."

ஐயாவுக்கு வெட்கம் வரவில்லை, பெருமைதான் வந்தது. தட்டச்சு இயந்திர காலத்தில் இடது ஓரத்திலிருந்து பதினேழு தட்டுத் தட்டினால் அடுத்த பத்தி எங்கே தொடங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒரே இலிகிதர் தான்தான் என்று விளக்கினார். மாவட்டத்தை நிர்வகித்த மூன்று அரசாங்க அதிபர்கள் அந்தப் பதினேழு தட்டில் கையெழுத்து வைத்திருக்கிறார்களாம். கணினி வந்த பிறகும் அவர் அந்த எண்ணிக்கையைக் கைவிடவில்லை. பதினேழில் நேராக நிற்காத வரிக்கு இன்னும் இரண்டு கூட்டித் தட்டினார். அதிலும் நிற்காவிட்டால் ஒன்று குறைத்தார். இப்படி ஒரு கிழமையாக ஒவ்வொரு பட்டத்தையும் விரலால் தள்ளித் தள்ளி அதனதன் இருக்கையில் அமர்த்தியிருக்கிறார்.

"ஸ்பேஸ் எண்டது காலால நடந்து போற மாதிரி, ஐயா," என்றாள் நிறஞ்சலா. "பேப்பர் மாறினா எங்க போய் முட்டும் எண்டு சொல்லேலாது. டாப் பட்டன் எண்டால் இடத்தை முதலே குறிச்சு வைக்கிறது. இஞ்ச மேல அளவுகோல் இருக்குப் பாருங்கோ. இதில ஒரு குறி போட்டு, நீ இதில வந்து நில் எண்டால், எந்தப் பேப்பரிலயும் அதிலதான் நிக்கும். பேப்பர் நல்லாச் சின்னனாப் போனா குறியை ஒருக்கா இழுத்து விட்டாப் போதும், எல்லா வரியும் சேர்ந்து வரும்."

"அது சோம்பேறியளுக்கு வைச்சது."

"ஓம் ஐயா," என்றாள் அவள். சொல்லிக்கொண்டே மிகையான புள்ளிகளை எல்லாம் ஒரே தேடலில் பிடித்து அழித்தாள். அளவுகோலில் இரண்டு குறி வைத்தாள். சமாதானத்தோடு நீதவான் சேர்ந்தார். முன்னாள்களுக்குப் பதவி திரும்பக் கிடைத்தது. போசகர் முகவரியிலிருந்து வெளியேறினார். பதினொன்றும் படையினர் போல நேராக நின்றன. ஐயா தன்னை மறந்து "ம்" என்றார். உடனே சுதாரித்துக்கொண்டு, இதைத்தான் தானும் செய்ய இருந்ததாகச் சொன்னார்.

ஆனால் பக்கம் குட்டை. பெயரும் பட்டங்களும் முகவரியும் சேர்ந்து பத்தொன்பது வரி. விளித்தலும் வணக்கமும் நாலு வரி. பிறகு 'மாண்புமிகு தங்களின் மேலான சமூகத்துக்கு மிகத் தாழ்மையுடன்' என்று தொடங்கும் ஒரு பத்தி. அது என்ன சொல்கிறது என்று கேட்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் மண் வந்தது. வாய்க்காலைத் தோண்ட வேண்டும். இரண்டு பக்கமும் விளக்குக் கம்பம் வேண்டும். கவிழ்ந்து புதைந்து கிடக்கும் பழைய படகை அகற்ற வேண்டும். மூன்று கோரிக்கையும் இரண்டாம் பக்கத்தில் கிடந்தன. அந்தப் பக்கத்தை ஒருவரும் பார்க்கப் போவதில்லை.

குறைக்க வேண்டியதைக் குறைப்போம் என்று ஐயா பேனையைத் திறந்தபோது நிறஞ்சலாவுக்கு மூச்சு வந்தது. அவர் பேனை நேராக இரண்டாம் பக்கத்துக்குப் போனது. விளக்குக் கம்பத்தையும் புதைந்த படகையும் ஒரு கோட்டால் அடித்தார். பக்கத்தில் 'இன்னோரன்ன' என்று எழுதினார். கச்சேரியில் அந்தச் சொல்லுக்குள் ஒரு கிராமத்தையே அடக்கிய அனுபவம் அவருக்கு உண்டு.

அடுத்ததாக விபத்துகள் நடந்த மூன்று திகதிகளில் பேனை வந்து நின்றது. "இதெல்லாம் எதுக்கு? 'பல விபத்துகள்' எண்டு போட்டாக் காணும்."

"கடைசித் திகதி என்ர மனிசன் கவிண்டது, ஐயா."

"தெரியும் பிள்ளை. எனக்குச் சரியான அனுதாபம்," என்றார் ஐயா. உண்மையாகவே குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "ஆனா அனுதாபத்துக்கு ஒரு வரி போகுதெல்லே."

அப்படியும் இடம் போதவில்லை. கோரிக்கையின் எழுத்து அளவை ஆறாகக் குறைக்கச் சொன்னார். நிறஞ்சலா குறைத்து, ஒரு பிரதி அடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். ஐயா தாளைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தார். வாசிக்க முடியவில்லை. செயலாளரிடம் நல்ல கண்ணாடி இருக்கும் என்று முடிவு செய்தார்.

அவள் கடைசியாக ஒருதரம் முயன்றாள். முத்துக்கரை விளையாட்டுக் கழகத்தின் போசகர் என்பதை இந்த ஒருமுறை விடலாமே, அந்தக் கழகம் கலைந்து ஐந்து வருடமாயிற்றே என்றாள். ஒன்றை எடுத்தால் அதைக் கொடுத்தவர்கள் மனம் நோவார்கள் என்றார் ஐயா. அப்படியானால் கரையோரக் காவலரை எடுப்போம், அதைக் கொடுத்தவர் கோபிக்க மாட்டார் என்று அவள் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். மனு அவருடையது. அவர் எழுந்து போனால் அரிப்புக்கு மனுவே இல்லை.

நாளைக்கு வருவதாகச் சொல்லி ஐயா போனார். அன்று பின்னேரம் நிறஞ்சலா பஸ்ஸால் இறங்கி நேரே கரைக்குப் போனாள். றொசாந்தன் ஒரு கையால் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். காற்று இந்த வருடம் முந்திக்கொள்ளும் போலிருக்கிறது, அடுத்த கிழமை தொழிலுக்கு இறங்கப் போவதாகச் சொன்னான். அவள் மனுவைப் பற்றிக் கேட்டதற்கு அவன் சிரித்தான். சீ.சீ. ஐயாவைக் கொண்டுபோய் வாய்க்காலின் வாயில் நட்டுவிட்டால் எல்லாப் படகும் பயந்து நேராக வரும் என்றான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் இடது தோள் வலதைவிடத் தாழ்ந்திருப்பதைப் பார்த்தாள்.

அந்த மனிதரை எதிர்த்து வெல்ல முடியாது என்பது தெளிவு. அவர் போகிற திசையிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டால் என்ன?

புதன்கிழமை ஐயா வந்ததும் கதிரையைத் துடைத்துப் போட்டாள். இரவு முழுக்க யோசித்ததாகவும், தனக்கு மனம் சரியில்லை என்றும் சொன்னாள். "இவ்வளவு பட்டத்தையும் ஒரு மூலையில நெருக்கி வைக்கிறது சரியில்லை, ஐயா. கீழ மண்ணும் பழைய படகும். உங்கட பேருக்குப் பக்கத்தில அதுகள் வரலாமோ? பெரிய ஆக்களுக்குத் தனிப் பக்கம்தானே வைக்கிறவை."

ஐயாவின் காது இரண்டும் விரிந்தன.

"ஆனா ஒரு பக்கம்தானே கேட்டிருக்கினம்," என்று அவளே கவலைப்பட்டாள். "கச்சேரியில இதுக்கு ஏதும் வழி இருந்ததோ தெரியாது."

ஓய்வுபெற்ற பிரதம இலிகிதரின் உள்ளே எங்கோ ஒரு பழைய அலுமாரி திறந்தது. "இணைப்பு," என்றார் ஐயா, மெதுவாக, பூசைக்குரிய குரலில். "பிள்ளை, மனு வேற, இணைப்பு வேற. இணைப்பு பக்கக் கணக்கில சேராது. சுற்றுநிருபமே இருக்கு."

அந்தச் சுற்றறிக்கை எந்த வருடத்தது என்று அவள் கேட்கவில்லை. முதல் பக்கத்தில் ஒரு கோரிக்கையும் குறையாமல், மூன்று திகதியோடும், பன்னிரண்டு அளவு எழுத்தில் மனு நின்றது. அடியில் 'அரிப்புக் கரையில் தொழில் செய்யும் நூற்றுநாற்பது குடும்பங்கள் சார்பில், கரைச் சங்கத் தலைவர்' என்று ஒரு வரி. இரண்டாம் பக்கம் 'இணைப்பு 1'. அங்கே சிங்கராசா தனியாட்சி செய்தார். அளவுகோலில் குறிகளை அகல இழுத்து, எழுத்தைப் பெருப்பித்து, பதினொரு பட்டத்தையும் பரப்பி வைத்தாள். ஐயா அந்தப் பக்கத்தை நாலு தரம் வாசித்தார். முதல் பக்கத்தை வாசிக்க நேரம் போதவில்லை. மூன்றரை மணிக்கு மின்னஞ்சல் போனது.

வியாழக்கிழமை மன்னாரில் மண்டபம் நிரம்பி வழிந்தது. மனுக்களைச் சுவரில் வெளிச்சமாகக் காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் முதல் பக்கம் மட்டும். செயலாளர் சிங்களவர், தமிழ் தெரியாது. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக உம்மு ஸல்மா என்ற பெண் அமர்ந்திருந்தார். நிறஞ்சலாவும் றொசாந்தனும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். அரிப்பின் முறை வந்தது. சுவரில் மண்ணும் விளக்குக் கம்பமும் புதைந்த படகும் தெளிவாக நின்றன. இணைப்பு வரவில்லை.

இணைப்பு வராததைக் கண்டு சிங்கராசா எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். தாள் செய்யாததை வாய் செய்யும் என்று அவர் முடிவெடுத்துவிட்டதை நிறஞ்சலா உடனே புரிந்துகொண்டாள். மூன்றே மூன்று நிமிடம்.

"அகில இலங்கைச் சமாதான நீதவானும்," என்று தொடங்கினார் ஐயா.

முதல் நிமிடம் தேசகீர்த்தியோடு போயிற்று. அந்தப் பொன்னாடையின் நிறத்தையும் சொன்னார். றொசாந்தன் எழும்பப் பார்த்தான். அவள் அவன் நல்ல கையைப் பிடித்து இருத்தினாள். ஏனென்றால் மேடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. செயலாளர் தலையைச் சாய்த்து, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். பெயரைச் சொல்கிறார் என்றார் உம்மு ஸல்மா. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். இன்னும் பெயரைத்தான் சொல்கிறார் என்று பதில் வந்தது. செயலாளர் பெருமூச்சு விட்டு, சுவரைக் காட்டி, அதையாவது வாசித்துச் சொல்லச் சொன்னார். உம்மு ஸல்மா குனிந்து, அவர் காதோடு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மொழிபெயர்த்தார். திகதிகளில் செயலாளர் கையை உயர்த்தி, திரும்பச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார். பின் வரிசையிலிருந்த பொறியியலாளரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார், பொறியியலாளர் தலையாட்டினார். எல்லாம் சிங்கராசாவின் முழக்கத்தின் கீழேயே நடந்து முடிந்தது.

மணி அடித்தபோது ஐயா ஒன்பதாவது பட்டத்தில் நின்றார். மண்ணைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. செயலாளர் ஒலிவாங்கியில், காற்றுக் காலத்துக்கு முன் வாய்க்கால் தோண்டப்படும், செவ்வாய்க்கிழமை இயந்திரம் வரும் என்றார். மண்டபம் கைதட்டியது. ஐயா நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். திரும்பி வரும் வழியில், ஒன்பதுக்கே இப்படி என்றால் பதினொன்றையும் சொல்ல விட்டிருந்தால் துறைமுகமே வந்திருக்கும் என்று பஸ்ஸில் இருந்தவர்களுக்கு விளக்கினார்.

இயந்திரம் சொன்னபடி செவ்வாய்க்கிழமை வந்தது. நாலு நாள் தோண்டினார்கள். ஐந்தாம் நாள் காலையில் றொசாந்தன் தோளைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனான். நிறஞ்சலா கடையில் இருந்தாள். ஒரு பிறப்புப் பதிவை மூன்று தரம் பிழையாகத் தட்டினாள்.

பதினொரு மணிபோலச் சிங்கராசா வந்தார். முகம் தொங்கியிருந்தது. தனது மன்னார் உரையைச் சிறு நூலாக அச்சிட நினைத்து, சிங்கள மொழிபெயர்ப்பு வேண்டும் என்று உம்மு ஸல்மாவிடம் போயிருக்கிறார். அப்படி ஒன்று இல்லை, தான் அன்று அவருடைய பேச்சில் ஒரு சொல்லையும் மொழிபெயர்க்கவில்லை என்று அந்தப் பெண் மரியாதையாகச் சொல்லிவிட்டார். இணைப்பை யாராவது திறந்து பார்த்தார்களா என்று மனுக்களைப் பெற்ற கந்தோரிலும் விசாரித்திருக்கிறார். யாரும் திறக்கவில்லை.

ஐயா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"அப்ப என்னத்தைப் பார்த்து, பிள்ளை, அந்த மனிசன் ஓமெண்டவர்?"

"முதல் பக்கத்தில மண் இருந்தது, ஐயா. அதைப் பார்த்துத்தான்."

அப்போது அவள் தொலைபேசி அடித்தது. றொசாந்தன். பின்னால் காற்றும் ஆட்களின் இரைச்சலும். வற்றுக்கடல்தான், ஆனாலும் எஞ்சினைத் தூக்கவில்லை, ஒரே ஓட்டத்தில் வாயால் உள்ளே வந்துவிட்டேன் என்றான். அவள் கண்ணை ஒருதரம் இறுக மூடித் திறந்தாள். சரி வாறன் என்று வைத்தாள்.

யார் என்று ஐயா கேட்டார். அவள் சொன்னாள். அவர் சற்று நிமிர்ந்து, சட்டைக் கழுத்தைச் சரி செய்துகொண்டார்.

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

"இல்லை ஐயா," என்றாள் நிறஞ்சலா, கணினியை அணைத்துக்கொண்டே. "மீன் பெட்டி தூக்க ஆள் போதாதாம்."

ஐயா தன் வெள்ளைச் சட்டையை ஒருதரம் குனிந்து பார்த்தார். அவள் கடைக் கதவை அரைவாசி இழுத்துவிட்டு, அவர் எழும்பட்டும் என்று வாசலில் நின்றாள்.